கிணற்றடியில் நிற்பது காயாம்பூ மரமா?

வாசகர் கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்குப் புது வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு. பின்பக்கம் கிணற்றடியில் ஒரு மரம் இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது மொட்டைமாடிக் கைப்பிடியைத் தாண்டவில்லை. அவ்வளவு மெதுவாக வளர்கிறது. மரம் முழுக்க நீலப் பூ பூக்கும். ஆயா அதைக் காயாம்பூ மரம் என்பார். தாத்தா ஹார்பரில் வேலை பார்த்தபோது யாரிடமோ கன்று வாங்கி வந்து வைத்தாராம். போன மழையில் ஒரு கிளை முறிந்தது. நான்கு அங்குலப் பருமன், மூன்றடி நீளம். அறுக்க வந்தவருடைய பிளேடு பாதியிலேயே மழுங்கிவிட்டது. உள்ளே கரும்பழுப்பு, வெளியே மஞ்சள். ஒரு துண்டு பக்கெட் தண்ணீரில் விழுந்து கல்லைப் போல முழுகிப்போனது. நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். சின்ன மர லேத் ஒன்று வாங்கி ஆறு மாதமாகப் பழகுகிறேன். இந்தக் கட்டை கடைசலுக்கு ஆகுமா? அடுத்த வருடம் வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம். மரத்தையும் எடுத்துவிட்டால் விலை போகுமா? இலை, பூ, காய், அறுத்த முகம் எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, உங்கள் படங்களைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். வீட்டுத் தோட்டத்து மரங்களைப் பற்றி எனக்கு நிறையக் கடிதம் வரும். பாதிக்கு மேல் மயிற்கொன்றை, மிச்சம் நெட்டிலிங்கம். உங்கள் வீட்டு மரம் அந்த வகை இல்லை. நீங்கள் அனுமதித்தால் ஒருநாள் நேரில் வந்து தொட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் ஆயா சொன்ன பெயரை எடுத்துக்கொள்வோம். நீலமாகப் பூக்கும் மரம் என்றால் தமிழருக்கு முதலில் காயாதான் நினைவுக்கு வரும். மாயோனின் நிறத்தையே காயாம்பூ வண்ணம் என்று சொல்லி வந்தவர்கள் நாம். அதனால் ஆயா அப்படி அழைத்ததில் வியப்பில்லை. ஆனால் காயாவுக்குத் தனி இலை, எதிரெதிராக இருக்கும். பூ மிகச் சிறியது, நான்கு இதழ், இலைக்கணுக்களிலும் இலை உதிர்ந்த பழைய கிளைகளிலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு பூக்கும். காய் சிறு உருண்டை, பழுத்தால் கறுக்கும்.

உங்கள் படத்தில் இருப்பது கூட்டிலை. ஒரு காம்பில் இரண்டு அல்லது மூன்று ஜோடிச் சிற்றிலைகள், தோல்போலத் தடித்தவை. நுனியில் ஒற்றையாக ஓர் இலை கிடையாது, ஜோடியோடு முடிந்துவிடுகிறது. பூவுக்கு ஐந்து இதழ், கிளை நுனியில் கொத்தாக இருக்கிறது. புதுப்பூ நல்ல நீலம், பழசு வெளிறி ஏறக்குறைய வெள்ளை. அதனால்தான் ஒரே மரத்தில் இரண்டு நிறம் தெரிகிறது. காய் இதயம்போலத் தட்டையாக ஆரஞ்சு மஞ்சளில் இருக்கிறது. வெடித்த காயில் சிவப்புத் தோல் போர்த்திய விதை எட்டிப் பார்க்கிறது. பட்டை அங்கங்கே செதில் உரிந்து திட்டுத் திட்டாக இருக்கிறது. அறுத்த முகத்தில் மஞ்சள் வெளிறும் (வெளிப்பக்க இளங்கட்டை) கரும்பழுப்பு வைரமும் (உட்பக்க முதிர்ந்த கட்டை) கோடு போட்டதுபோலப் பிரிந்து நிற்கின்றன. இத்தனையும் ஒரே மரத்தில் கூடிவருவது லிக்னம் வைட்டேயில்தான். தாவரவியல் பெயர் குவாயகம் அஃபிசினாலே. பிறந்த ஊர் கரீபியன் தீவுகளும் தென்னமெரிக்காவின் வடகரையும். ஜமைக்காவின் தேசிய மலர் இதன் பூதான். சென்னையின் பழைய தோட்டங்களிலும் வளாகங்களிலும் அழகுக்காக இதை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்திருக்கிறார்கள். உப்புக் காற்றையும் வறட்சியையும் தாங்கும் கடற்கரை மரம், ஆகவே நம் பக்கம் அதற்கு அந்நியமான இடமில்லை.

படத்தை மட்டும் வைத்து நான் முடிவு கட்டுவதில்லை. நீங்களே செய்துபார்க்க மூன்று சோதனை சொல்கிறேன்.

முழுகியதை வைத்து உறுதி செய்யாதீர்கள். பச்சையாக அறுத்த எத்தனையோ மரம் தண்ணீரில் முழுகும். கட்டைவிரல் அளவுக்கு வைரத்தை மட்டும் சீவி எடுத்து, இரண்டு மூன்று மாதம் நிழலில் காயவைத்துப் பிறகு போட்டுப் பாருங்கள். அப்போதும் அடிக்குப் போனால் அது பேசத் தகுந்த சாட்சி. நன்றாகக் காய்ந்த லிக்னம் ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 1.2 கிராம் இருக்கும். தேக்கு 0.65 கிராம் அளவில்தான் நிற்கும்.

அடுத்தது விரல். வைரத்தின் மேல் பெருவிரலை அழுத்தித் தேயுங்கள். மெழுகுவர்த்தியைத் தொட்டதுபோல வழுவழுக்க வேண்டும். சூடேறினால் மெல்லிய வாசனை வரும். இந்த மரத்தின் உடம்பெல்லாம் பிசின், அதுதான் அதன் உயிர்நிலை.

மூன்றாவது சோதனைக்கு உருளைக்கிழங்கு வேண்டும். வைரத்தின் தூளை ஒரு ஸ்பூன் எடுத்து, மருந்துக்கடையில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒருநாள் மூடி ஊறவையுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஸ்பிரிட் மஞ்சள் பழுப்பாகிவிடும். பச்சை உருளைக்கிழங்கை வெட்டி, அந்த முகத்தில் இந்தச் சாற்றில் ஒரு சொட்டு, மேலே புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. லிக்னமாக இருந்தால் அந்த இடம் நீலமாகும். கிழங்கில் உள்ள ஒரு நொதி, பெராக்சைடின் ஆக்சிஜனைக் கொண்டு பிசினை நீலமாக்கிவிடுகிறது. இரத்தத்தில் இருக்கும் ஹீமும் இதே வேலையைச் செய்யும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்க மருத்துவமனைகளில் ஓர் அட்டைச் சோதனை செய்கிறார்களே, அந்த அட்டையில் தடவியிருப்பது இந்த மரத்தின் பிசின்தான். சோதித்த கிழங்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சமையலுக்குப் போய்விடக் கூடாது.

இனி உங்கள் தாத்தாவிடம் வருகிறேன். ஹார்பரில் வேலை பார்த்தவர் இந்தக் கன்றைக் கொண்டுவந்தார் என்று படித்தபோது எனக்கு மனசு என்னவோ செய்தது. நான் பதினாறு வயதில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பழுதுப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவன். அங்கேதான் இந்த மரத்தின் பெயரையே முதலில் கேட்டேன். 'லிக்னம்' என்று சுருக்கிச் சொல்வார்கள். கப்பலின் புரொப்பல்லர் தண்டு உடம்பைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகும் இடத்தில் ஒரு குழாய் இருக்கும். தண்டு சுழல அதற்குள் பேரிங் வேண்டும். இரும்போடு இரும்பு உரசினால் தேய்ந்துபோகும். எண்ணெய் விட்டால் கடலில் கசிந்து போகும். 1850களில் ஜான் பென் என்ற ஆங்கிலப் பொறியாளர் லிக்னம் கட்டைச் சட்டங்களைக் குழாய்க்குள் வரிசையாக அடுக்கி, கடல்தண்ணீரையே மசகாக விட்டார். பிசின் கசிய, தண்ணீர் வழவழப்பாக்க, தண்டு வருடக்கணக்கில் தேயாமல் ஓடியது. நீராவிக் கப்பல்கள் பெருங்கடல்களைத் தாண்ட இந்த மரம் கைகொடுத்தது. அதற்கும் முன்னால் பாய்மரக் கப்பல்களின் கப்பிச் சக்கரங்களும் இதில் கடைந்தவைதான். 1954இல் வெள்ளோட்டம் விட்ட முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸிலும் லிக்னம் பேரிங் இருந்தது. பலமாகக் காற்றடிக்கும் நாளில் கிரிக்கெட் அம்பயர்கள் ஸ்டம்பின் மேல் வைக்கும் கனமான பெயில்ஸிலும் சில இந்தக் கட்டையில் செய்தவைதான்.

உங்கள் தாத்தாவுக்கு இதில் ஏதாவது ஒன்றாவது தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன். தெரிந்தே கிணற்றடியில் இடம் கொடுத்திருக்கிறார்.

கட்டையைப் பற்றி. ஆகும், தாராளமாகக் கடைசலுக்கு ஆகும். ஆனால் நாளைக்கே லேத்தில் ஏற்றிவிடாதீர்கள். எங்கள் பட்டறையில் லிக்னம் துண்டுகளைத் தொட்டித் தண்ணீரிலேயே போட்டு வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு துண்டு வாங்கி வந்து, சீக்கிரம் காயட்டும் என்று ஜன்னலில் வெயில்படும்படி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் நீளவாக்கில் வெடித்துப் பிளந்திருந்தது. மேஸ்திரி திட்டவில்லை, அந்தத் துண்டைக் கையில் வாங்கித் தடவிக்கொண்டே இருந்தார். இன்றும் அது கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அந்த நிலைமை வரக் கூடாது.

இன்றைக்கே செய்ய வேண்டியது: கிளையின் இரண்டு முனையிலும், வாள்பட்ட எல்லா முகத்திலும் மெழுகை உருக்கித் தடித்துப் பூசுங்கள். மெழுகுவர்த்தி போதும். மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மரத்தின் ஈரம் முனைவழியாகத்தான் வேகமாக ஓடும், முனை சுருங்கி நடு சுருங்காதபோது வெடிப்பு விழும். பிறகு மூன்றடியை ஓரடி ஓரடியாக வெட்டி, வெட்டிய முகத்துக்கும் மெழுகு பூசி, ஒவ்வொன்றையும் நடுத்தண்டுவழியாக நீளவாக்கில் இரண்டாக அறுத்துவிடுங்கள். நட்டநடுவில் இருக்கும் அந்தச் சோற்றுப் பகுதி உள்ளே மாட்டிக்கொண்டால், உருண்டைக் கட்டை எங்கேயாவது ஓரிடத்தில் வெடித்தே தீரும். கோடாலியால் பிளக்கப் பார்க்காதீர்கள். இதன் இழை ஓர் அடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு இடப்பக்கம் சாயும், பின்னல் போட்டதுபோல. கோடாலி மாட்டிக்கொள்ளும். நல்ல பேண்ட்சா (பட்டைவாள் இயந்திரம்) இருக்கும் வாள்பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புது பிளேடு போடச் சொல்லி அறுங்கள். வால்டாக்ஸ் சாலைப் பக்கம் கேட்டால் செய்து கொடுப்பார்கள், கூலி கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.

அறுத்த துண்டுகளைக் காற்றோட்டமான நிழலில் அடுக்குங்கள். கட்டிலுக்கு அடியில் வைத்தால் போதும். சமையல் தராசில் மாதம் ஒருமுறை எடைபோட்டுத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதி வாருங்கள். தொடர்ந்து மூன்று மாதம் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். ஒன்றரை இரண்டு வருடம் ஆனாலும் பொறுமையாக இருங்கள்.

கடையும்போது கட்டை உருண்டையாகும் வரை லேத்தை மெதுவாக ஓட்டுங்கள், 500, 600 சுற்றுக்கு மேல் வேண்டாம். முகத்துக்கு முழுக் கவசம், மூக்குக்கு நல்ல மாஸ்க் இரண்டும் கட்டாயம். பிசின் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் கொடுக்கும். உளி ஹெச்.எஸ்.எஸ். எனும் அதிவேக எஃகாக இருக்கட்டும். தேக்கில் ஒருமுறை தீட்டி அரைநாள் ஓட்டும் உளியை இதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தீட்ட வேண்டிவரும். இழை பின்னலாக இருப்பதால் ஆழமாகக் கொடுத்தால் பிய்த்துக்கொள்ளும், சுரண்டும் உளியால் மெல்ல மெல்ல எடுங்கள். ஃபிட்டர் படித்தவர் நீங்கள், பித்தளை கடையும்போது கை எப்படி இருக்குமோ அப்படி வையுங்கள்.

மெருகு விஷயத்தில் இந்த மரத்துக்கு இணை எனக்குத் தெரிந்து இல்லை. உப்புத்தாளில் பொடிநம்பர் வரை போய்விட்டு, இதே கட்டையின் சீவல் ஒரு கைப்பிடி எடுத்து ஓடுகிற லேத்தில் அழுத்திப் பிடியுங்கள். அரக்குக் கடைசல்காரர்கள் தாழை ஓலையை வைத்துத் தேய்ப்பதுபோல. உள்ளிருக்கும் பிசினே மேலே வந்து கண்ணாடிபோல ஆகிவிடும். வார்னிஷ் அடிக்காதீர்கள், இந்தப் பிசின் அதைச் சரியாகக் காயவிடாது. வெள்ளைப் பசையும் பிடிக்காது. எங்காவது ஒட்ட வேண்டியிருந்தால் அசிட்டோன் நனைத்த துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, உடனே எபாக்ஸி போட்டு ஒட்டுங்கள். இன்னொன்று, புதிதாகக் கடைந்த பொருள் பழுப்பாக இருக்கிறதே என்று வருந்த வேண்டாம். காற்றும் வெளிச்சமும் பட்டுச் சில வாரத்தில் கரும்பச்சையாக மாறும்.

நான்கு அங்குலக் கிளையில் வெளிறு போக வைரம் இரண்டரை அங்குலம் தேறினால் நல்லது, நடுவில் அறுத்தபின் அதிலும் பாதி. ஆகவே கிண்ணம், தட்டு என்று யோசிக்காதீர்கள். உளிப்பிடி செய்யலாம், செதுக்குவேலைக்குக் கொட்டாப்புளி செய்யலாம். பம்பரம் செய்தால் கனத்துக்கு நின்று சுற்றும். ஆனால் நீங்கள் புது வண்ணாரப்பேட்டைக்காரர். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. உங்கள் பகுதிப் பெண் காசிமா 2024இல் அமெரிக்கா போய்க் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே, அந்த ஊரில் இந்தக் கட்டையில் ஒரு ஸ்ட்ரைக்கர் கடையாமல் இருக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரைக்கர் விட்டம் 4.13 சென்டிமீட்டரையும் எடை 15 கிராமையும் தாண்டக் கூடாது. தேக்கில் அந்த எடை வரவேண்டுமானால் 17 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், அது ஸ்ட்ரைக்கர் இல்லை, முறுக்கு அச்சு. லிக்னத்தில் 9 மில்லிமீட்டரில் பதினான்கரை கிராம் வந்துவிடுகிறது. மெருகும் ஏறியிருப்பதால் பவுடர் போட்ட பலகையில் நன்றாக வழுக்கும். கிளையின் குறுக்கே வில்லை வெட்டி எடுக்காதீர்கள். நீளவாக்கில் அறுத்த பலகையிலிருந்து வட்டம் எடுத்துக் கடையுங்கள், விளிம்பு உதிராது. போட்டிக்கு எடுத்துப்போவதற்கு முன் நடுவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தெருமுனை மன்றத்தில் ஆட யாரையும் கேட்க வேண்டாம்.

மிச்சத் துண்டுகளில் குழந்தைகள் வாயில் வைக்கும் சாமான் மட்டும் செய்ய வேண்டாம். கிலுகிலுப்பைக்கும் செப்புச் சாமானுக்கும் வெட்பாலை இருக்கிறது, மஞ்சக்கடம்பு இருக்கிறது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அழகுக்கு வைத்த மரம்தானே என்று எதையும் பெயர் தெரியாமல் லேத்தில் ஏற்றாதீர்கள். மஞ்சள் மணிபோலப் பூக்கும் பொன்னரளி நல்ல வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மரத்தில் எல்லாப் பாகமும் இதயத்தை நிறுத்தும் நஞ்சு. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் தெருவெல்லாம் சாய்ந்து கிடந்த மரங்களில் மயிற்கொன்றையை ஆசையாக எடுத்து வந்தவர்கள் ஒரே வருடத்தில் பூச்சிக்குக் கொடுத்தார்கள். பூவரசை எடுத்தவர்கள் பிழைத்தார்கள். அது கடைசலுக்கு அருமையான மரம்.

கடைசியாக விலை. மரத்தை எடுத்துவிட்டால் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மரத்தின் அடிமரம் படத்தில் ஒன்பது பத்து அங்குலம்தான் தெரிகிறது. தாத்தா காலத்திலிருந்து வளர்ந்து இவ்வளவுதான் வந்திருக்கிறது. வெட்டி, வெளிறு நீக்கி, வெடித்தது போக மிஞ்சுவது ஒரு மூட்டைக்குள் அடங்கும். அதற்கு வாள்பட்டறையில் விறகைவிடக் கொஞ்சம் கூடத் தருவார்கள், தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் கொஞ்சம். வெளிநாட்டில் நல்ல விலை என்று யாராவது ஆசைகாட்டினால் நம்பிவிடாதீர்கள். உலகம் முழுக்கக் கப்பலுக்காக வெட்டித் தீர்த்ததால், 2003 முதல் இந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கட்டையாகக் கடல் தாண்டி அனுப்ப அரசு அனுமதிச் சீட்டு வேண்டும்.

வீட்டுக்கு பிளான் போடும் இன்ஜினியரிடம் கிணற்றடியை அளந்து காட்டுங்கள். பின்பக்கம் எப்படியும் காலியிடம் விட்டுத்தான் கட்டவேண்டும். இந்த மரத்துக்கு அரசு, ஆல் போலச் சுவரைப் பிளக்கும் வேர் இல்லை, உச்சியும் குடைபோலச் சின்னது. அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்கு மணல், சிமெண்ட், கம்பி எதையும் கொட்டாமல் ஒரு தகரத் தடுப்பு வைத்தால் கட்டடம் முடியும்வரை தாங்கும். பெயர்த்து வேறிடத்தில் நடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இவ்வளவு மெதுவாக வளரும் மரம் வேரை இழந்தால் மறுபடி எழுவது கடினம். கடைசலுக்குக் கட்டை வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம், மழையும் காற்றும் அவ்வப்போது ஒரு கிளை கொடுக்கும்.

அந்த ஆரஞ்சுக் காய்கள் வெடிக்கும்போது காக்காய்க்கு முன்னால் நீங்கள் எடுத்துவிடுங்கள். சிவப்புத் தோலைத் தண்ணீரில் கசக்கிக் கழுவி, காயவிடாமல் அன்றைக்கே மணலும் மண்ணும் கலந்த தொட்டியில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க நாளாகும், தினம் ஈரம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கன்று வந்தால் ஒன்றை எனக்காக வைத்திருங்கள். ராயபுரத்தில் எங்கள் பட்டறை வாசலில் ஒரு முழம் மண் காலியாகத்தான் கிடக்கிறது.